பதன் என்னும் சொல்லும் காரின் தோலிருக்கையும்

கார் இருக்கையின் தோலைப் பேணுவது குறித்து நம்மிடையே மூன்று வகை அறிவுரைகள் வழங்குகின்றன. தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்பது முதலாவது. சேணங்களுக்குரிய சோப்பால் துடைத்து, மாட்டுக்கால் எண்ணெய் பூச வேண்டும் என்பது இரண்டாவது; இது ஆங்கிலேயர் வழியாக வந்தது. 'கிளீனர்' ஒன்றும் 'கண்டிஷனர்' ஒன்றுமாக இரண்டு புட்டிகள் வாங்கிவிடுக என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எனினும் ஒவ்வொன்றும் தான் பிறந்த காலத்துத் தோலுக்குப் பொருத்தமானதாகவே இருந்தது. தோல் மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை.

ஒரு தோலை எவ்வாறு துடைப்பது, எவ்வாறு மென்மை குன்றாமல் காப்பது என்னும் கேள்விக்கு, அது எவ்வாறு பதனிடப்பட்டது என்பதை அறியாமல் விடை கூற இயலாது. இந்தியாவில் அந்த அறிவு யாரிடம் இருந்தது, அவர்களை நம் சமூகம் எங்கே நிறுத்தியது என்பதும் அதே கேள்வியின் மறுபாதி. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முயல்கிறேன். நீண்ட பதிவு; பொறுமையுள்ளோர் வாசிக்க வேண்டுகிறேன்.

மொழியியல் பயின்றவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தோல் என்பது திராவிட மொழிகளில் பரவலாகக் காணப்படும் சொல்: தெலுங்கில் தோலு, கன்னடத்தில் தொகலு, மலையாளத்தில் தோல். சங்க இலக்கியத்தில் அதள் என்னும் சொல்லும் உண்டு. இவை பொருளைக் குறிக்கும் பெயர்கள். அப்பொருளின் மீது நிகழ்த்தப்படும் வேலையைக் குறிக்கும் சொற்களோ மொழிக்கு மொழி வேறொரு கதை சொல்கின்றன.

ஆங்கிலத்தின் 'டேன்' என்னும் வினை, ஓக் மரப்பட்டையைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; அங்கே வேலைக்குப் பெயர் தந்தது மூலப்பொருள். இந்தியில் 'சம்டா கமானா' என்பர். 'கமானா' என்றால் உழைத்தல், ஈட்டுதல். கருமம் என்பதன் வழிவந்த வினை. அங்கே பெயர் தந்தது உழைப்பு. அதே வினை கழிவறையைக் கையால் துப்புரவு செய்வதற்கும் வழங்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திராவிட மொழிகளிலோ பெயர் தந்தது தோல் அடைய வேண்டிய நிலை. தமிழில் பதனிடுதல், பதன் என்பது பதம் என்பதன் வேறு வடிவம், அறம் அறன் ஆவதைப் போல. தெலுங்கில் பதுனு, உழவுக்கு ஏற்ற ஈரத்துடன் நிலம் இருப்பதையும் அச்சொல்லால் குறிப்பர். கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்து ஹத ஆயிற்று. தோலை 'ஹத மாடுவது' என்பது இன்றும் அங்கே வழக்கு.

சோறு வெந்த பதம், பாகு காய்ந்த பதம், மழைக்குப் பின் மண் நெகிழ்ந்த பதம் என்று நாம் பேசுகிறோம். மிகாமலும் குறையாமலும், செயலுக்கு ஏற்றவாறு ஒரு பொருள் அமைந்திருக்கும் நிலையே பதம். அது ஒருமுறை அடைந்ததும் நிலைத்துவிடுவதன்று, தவறவும் கூடும். 'கண்டிஷனர்' என்னும் புட்டி விற்க முனைவது இந்தப் பதத்தைத்தான்.

இனி அந்தப் பதம் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். விலங்கின் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும். காயவைத்தால் முரசுத் தோல்போல் விறைக்கும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதை சுரண்டி, மரப்பட்டைச் சாற்றிலோ உப்புகளிலோ ஊறவைக்கும்போது, அவற்றிலுள்ள பொருள்கள் நார்களோடு பிணைந்து அழுகலைத் தடுக்கின்றன. அதன்பின் எண்ணெயோ கொழுப்போ ஊட்டப்படுகிறது. அது நார்களுக்கிடையே படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவ இடமளிக்கிறது. தோல் மடங்கியும் வெடிக்காமல் இருப்பது இதனால்தான். ஆக, பதனிடுதல் அழுகாமை, மென்மை ஆகிய இரண்டையும் தருகிறது. முன்னது எளிதில் போகாது. பின்னது வெயிலாலும் வறட்சியாலும் தவறான சோப்பாலும் போகக்கூடும்.

தோலைத் தூய்மை செய்வது பற்றி இந்தியாவின் பழைய நூல்களிலும் விதி உண்டு. மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் பொருள்களின் தீட்டு நீக்கத்தைப் பட்டியலிடுகிறது. துணிக்குரிய முறையே தோலுக்கும் உரியது என்பது அதன் முடிவு. அதாவது, நீரால் கழுவினால் தோல் தூயதாகிவிடும். அதே நூலின் 4ஆம் அத்தியாயமோ, யார் யார் தரும் உணவை ஏற்றால் என்ன கேடு விளையும் என்று சொல்லுமிடத்தில், தோல் வெட்டுபவர் தரும் உணவு உண்பவரின் புகழை அழிக்கும் என்கிறது. பொருளின் மீதான தீட்டு நீரோடு போய்விடுகிறது. அதைச் செய்தவர் மீதான தீட்டு எதனாலும் போவதில்லை. இந்தியத் தோல் வரலாற்றில் அடுத்து வரும் பலவற்றை இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இம்முரண்பாட்டைத் தமிழில் மிகத் தெளிவாகக் காட்டுபவர் நந்தனார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, ஆதனூரில் வாழ்ந்த அவர் கோயில் பேரிகைகளுக்குப் போர்க்கும் தோலும் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துவந்தார். அவர் பதனிட்ட தோல் கருவறைக்கு அருகே ஒலித்தது. அவர் வாயிலுக்கு வெளியே நின்றார். வடக்கே காசியில் தோல் தொழில் செய்த இரவிதாசர் தம் பாடல்களில் தம் சாதியை மறைக்காமல் கூறினார். அவருடைய பாடல்கள் பின்னர் சீக்கியரின் குரு கிரந்த சாகிபில் இடம்பெற்றன. சர்மகாரர் என்னும் வடசொல்லுக்குத் தோல் வினைஞர் என்பதற்கு மேல் பொருளில்லை. அதிலிருந்து பிறந்த சாதிப் பெயர் வட இந்தியாவில் வசைச்சொல்லாகவும் ஆக்கப்பட்டது.

ஆனால் அறிவு அவர்களிடமே இருந்தது. எந்தப் பட்டை எந்தத் தோலுக்கு ஆகும், எத்தனை நாள் ஊற வேண்டும், எப்போது எண்ணெய் ஏற்க வேண்டும் என்பனவற்றை ஏட்டில் எழுதாமல் கையால் அறிந்தவர்கள் அவர்கள். தென்னிந்தியாவில் முதன்மையான பட்டை ஆவாரை. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் வரும் ஆவிரை இதுவே. மடலேறும் தலைவன் சூடும் மாலையும் இம்மலரால் ஆனது. தெலுங்கில் தங்கேடு எனப்படும் இது இன்று தெலங்கானாவின் மாநில மலர். பதுகம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் பூக்களில் முதன்மையானது. ஒரே செடியின் பூ வழிபாட்டுக்கும் பட்டை தோல் தொட்டிக்கும் சென்றன. வட இந்தியாவில் கருவேலம்பட்டை அவ்விடத்தைப் பெற்றது. கடுக்காய் நிறத்தை வெளிறச் செய்து மெருகு தந்தது. சென்னை மாகாணத்துத் தொழிற்கூடங்களில் புங்க எண்ணெய் ஊட்டும் வழக்கமும் இருந்தது.

ஐரோப்பியர் இந்த அறிவைக் கவனிக்கத் தவறவில்லை. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1803இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட ஆய்வில், பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த காசுக்கட்டியைச் சோதித்தார். நாம் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான். எடைக்கு எடை ஓக் பட்டையைவிடப் பல மடங்கு ஆற்றல் அதற்கு உண்டு என்று அவர் கண்டார். அதுவரை ஐரோப்பிய வணிகத்தில் அதற்கு வழங்கிய பெயர் 'சப்பானிய மண்' என்று பொருள்படும் இலத்தீன் தொடர். அது மண்ணும் அன்று, சப்பானிலிருந்து வந்ததும் அன்று.

19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியாகப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. 'ஈஸ்ட் இந்தியா' என்னும் அடைமொழியோடு அது உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அதன் ஆட்டுத்தோல் வகையொன்றை இங்கிலாந்தில் 'பெர்சியன்' என்றழைத்து நூற்கட்டுக்குப் பயன்படுத்தினர். நூலகங்களில் தோல் அட்டைகள் செந்தூளாக உதிர்வதைக் கண்ட இலண்டன் கலைகள் சங்கம், காரணம் அறிய 1900இல் ஒரு குழு அமைத்தது. 1905இல் நூலாக வெளிவந்த அதன் அறிக்கை, விரைவில் கெடுபவற்றுள் இந்தப் 'பெர்சியன்' தோல்களும் அடங்கும் என்றது. ஆவாரை வகைத் துவர்ப்பிகள் நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கின் காற்றிலும் உள்ள கந்தக அமிலக்கூறை ஈர்த்துக்கொள்ளும். அந்த அமிலம் நார்களை அரித்துவிடும். கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பி வேறு வகை. இக்கேட்டை அது கூடுதலாகத் தாங்கும்.

இதிலிருந்து ஒன்றை அறியலாம். தொட்டியில் ஊறிய பட்டை எது என்பதை, நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்தும் தோல் தன் உடலில் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து எத்தனை மெருகெண்ணெய் பூசினாலும், உள்ளே நார் அற்றுப்போன தோல் பழைய நிலைக்கு மீளாது. பழங்காலக் கார்களின் இருக்கைகளைப் புதுப்பிப்போர் இன்றும் எதிர்கொள்ளும் உண்மை இது.

மரப்பட்டையால் பதனிட்ட தோல் நீரை உறிஞ்சும்; உலர்ந்தால் விறைக்கும்; எனவே எண்ணெயை எதிர்நோக்கியே இருக்கும். கிணற்றிலிருந்து நீரிறைத்த கவலையின் தோலாயினும், வடக்கே அதே பணியைச் செய்த சரஸ் என்னும் தோற்பையாயினும், இடைவிடாத பராமரிப்பு இன்றி நிலைத்ததில்லை. செய்தவரே பழுதும் பார்த்தார். அதற்கு ஈடாக அவருக்குக் களத்தில் தானியப் பங்கு உண்டு. ஆக்குவதும் காப்பதும் ஒருவரது கடமையாகவே இருந்தன. தேங்காயெண்ணெய் அறிவுரையின் பிறப்பிடம் இந்தத் தோல்தான்.

இரண்டாவது அறிவுரை குதிரைப்படையிலிருந்து வந்தது. 1857க்குப் பின், பிரிட்டிஷ் படைக்கான சேணங்களையும் வார்களையும் இங்கேயே செய்யும் நோக்கில், பீரங்கிப்படை அதிகாரி ஜான் ஸ்டூவர்ட்டின் முயற்சியால் 1860களில் கான்பூரில் அரசுச் சேணத் தொழிற்சாலை உருவாயிற்று. 1880களின் தொடக்கத்தில் படையினரின் காலணிகளுக்காகக் கூப்பர் ஆலன் நிறுவனம் அங்கே எழுந்தது. சுற்றுப்புறத்துக் கருவேலம்பட்டையும், தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழில் அறிந்த மக்களும் கிடைத்தமையால் கான்பூர் தோல் நகரமாயிற்று. பட்டாளத்தில் சேணம் துடைப்பது அன்றாட ஒழுங்கு. வியர்வையும் சேறும் படிந்த வாரைச் சோப்பு நுரையால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூச வேண்டும். பூசப்படும் தோல் பட்டையால் பதனிட்டது, மேற்பூச்சு ஏதுமில்லாதது. அதற்கு இம்முறை முற்றிலும் பொருந்தும்.

கார் வந்தபோது அதன் இருக்கையைச் செய்தவர்கள் குதிரை வண்டிக்கும் சேணத்துக்கும் தோல் தைத்தவர்கள்தான். ஆனால் தொடக்ககாலக் கார்களில் தோலிருக்கை ஆடம்பரச் சின்னமாக இல்லை. முன்பகுதி திறந்தும் பின்பகுதி மூடியும் இருந்த பெரிய கார்களில், மழையிலும் தூசியிலும் அமர வேண்டிய ஓட்டுநருக்கே தோல் இருக்கை. கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்த உரிமையாளருக்கு உயர்ந்த கம்பளித் துணி. தோல் தாங்கும் பொருள். துணி போற்றும் பொருள். இந்த வரிசை பின்னர் தலைகீழாகி, தோலே பெருமைக்குரியதாயிற்று. இலண்டனில் 1878இல் தொடங்கிய கானலி நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் ஆகியவற்றுக்குத் தோல் வழங்கிப் புகழ்பெற்றது. தோலுக்கான பசையைத் 'தோலுணவு' என்று பொருள்படும் பெயரில் அது விற்றது. தோல் பசித்திருக்கிறது, அதற்கு உணவூட்ட வேண்டும் என்னும் உருவகம் கார்களின் உலகில் ஊன்றியதில் அத்தகைய பெயர்களுக்குப் பங்குண்டு.

அதற்குள் தொட்டியில் இருந்த பொருளே மாறிவிட்டது. குரோமிய உப்புகள் தோலைப் பதனிடும் என்பதை ஜெர்மானியர் நாப் 1858இல் காட்டினார். 1884இல் அமெரிக்காவில் ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸும் 1893இல் மார்ட்டின் டென்னிஸும் காப்புரிமை பெற்று அதைத் தொழிலாக்கினர். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. பட்டைத்தோல் சுருங்கிப்போகும் கொதிநீரையும் குரோமியத்தோல் தாங்கிற்று. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் 1903இல் கலைப்பள்ளியில் இதற்கான சோதனைகளைத் தொடங்கினார். நீரிறைக்கும் கவலைக்கு இத்தோல் உகந்தது என்பது அவர் கருதிய பயன்களுள் ஒன்று. அரசு தொழில் நடத்துவதை இந்திய அமைச்சர் மார்லி 1910இல் ஏற்க மறுத்தார். எனினும் நுட்பம் தனியார் கைகளில் பரவிற்று. சேம்பர்ஸ் என்பவரின் குரோம் தோல் நிறுவனம் அமைந்த சென்னைப் புறநகர் குரோம்பேட்டை ஆயிற்று. ஒரு வேதித் தனிமத்தின் பெயரைத் தாங்கும் ஊர்ப்பெயர் தமிழகத்தில் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

குரோமியத்தோலுக்குக் கொழுப்பூட்டும் முறையும் வேறு. நீரில் கலக்குமாறு பக்குவப்படுத்திய எண்ணெயோடு சேர்த்துப் பெரிய மர உருளைகளில் தோலைச் சுழற்றுவர். எண்ணெய் நார்வரை சென்று படியும். அதன்பின் கார் இருக்கைக்கான தோலின் மேல் நிறமிப் பூச்சு ஏறும். 1920கள் முதல் அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் மெருகும், பின்னாளில் பாலியூரித்தேன் படலமும் வந்தன. இன்று காரில் அமர்கையில் நம் உடல் தொடுவது பெரும்பாலும் தோலையன்று, தோலின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை. தோலுணவு பற்றிய பேச்சு இங்கே பொருளிழக்கிறது. பசியுள்ள வாய் மூடப்பட்டுவிட்டது.

இந்தியக் கார்களில் நெடுங்காலம் இந்தச் சிக்கலே எழவில்லை. 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவான அம்பாசடரின் இருக்கை பெரும்பாலும் ரெக்சின். மான்செஸ்டருக்கு அருகே ஹைடு என்னும் ஊரில் இருந்த நிறுவனத்தின் வணிகப்பெயர் அது. துணியின் மேல் நைட்ரோசெல்லுலோசும் கற்பூர எண்ணெயும் நிறமியும் பூசித் தோல்போல் வரியிட்ட பொருள். இங்கிலாந்தில் மங்கிப்போன அப்பெயர், இந்திய மொழிகளில் செயற்கைத் தோல் அனைத்துக்குமான பொதுப்பெயராக இன்றும் வாழ்கிறது. வெயிலில் சுட்ட ரெக்சின் மேல் வெள்ளைத் துவாலை விரித்து அதிகாரிகள் அமர்ந்தனர். இருக்கையின் தூய்மை துவாலையின் வெண்மையால் அளக்கப்பட்டது. துவாலை துவைப்பவரின் பொறுப்பாயிற்று.

இன்று விளம்பரங்களில் காணும் 'லெதரெட்' அந்த ரெக்சினின் வாரிசு. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் பெற்ற 'எட்' விகுதி சிறுமையைக் குறித்தது. பின்னர் போலியையும் குறிக்கலாயிற்று. தோலிருக்கை என்று விற்கப்படும் பலவற்றில் உடல் படும் பகுதி மட்டும் தோலாகவும் ஏனையவை லெதரெட்டாகவும் இருப்பதுண்டு; முழுவதும் லெதரெட்டாக இருப்பதும் உண்டு.

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய முடிவுகள் தாமே வருகின்றன. முதலில் இருக்கை எந்த வகை என்று அறிய வேண்டும். மறைவான இடத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். உறிஞ்சிக் கருத்தால் அது மேற்பூச்சற்ற தோல். சேணத்தின் நெருங்கிய உறவு. அதற்கு நீர் குறைவாகவும், உரிய களிம்பு சிறிதளவாகவும் தேவை. துளி முத்தாக நின்றால் அது படலமிட்ட தோல், அல்லது லெதரெட். இன்றைய கார்களில் மிகப்பல இவ்வகையினவே.

படலமிட்ட தோலுக்கு முதன்மையான பணி துடைத்தல், பூசுதல் அன்று. முதலில் தூசியை உறிஞ்சுகருவியால் நீக்க வேண்டும். தூசியோடு தேய்த்தால் படலம் கீறும். பின் தோலுக்கென உள்ள மென்மையான கழுவுநீர்மத்தைத் துணியிலோ மென்தூரிகையிலோ எடுத்து, சிறுசிறு பகுதியாகத் துடைத்து, ஈரத்தை உடனே ஒற்றி எடுக்க வேண்டும். தோல் இயல்பில் அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. சலவைச் சோப்போ 9, 10 என்னும் அளவில் காரத்தன்மை கொண்டது. ஆகவே சோப்பு ஆகாது. துளையிட்ட இருக்கையில் நீர்மத்தை நேரே தெளிக்கக் கூடாது. உள்ளே நுரைமெத்தை அதைக் குடித்துக்கொள்ளும். முடிக்கொழுப்பும் வியர்வையும் கைக்களிம்பும் மிகுதியாகப் படியும் தலைசாய்ப்பிலும் ஓரங்களிலும்தான் படலம் முதலில் இளகும். நீலக் கால்சட்டையின் சாயம் வெளிர்நிற இருக்கையில் ஏறினால், நாள்பட விடாமல் துடைக்க வேண்டும்.

கண்டிஷனரின் பெரும்பகுதி படலத்தைக் கடப்பதில்லை. தேய்ந்த இடங்களிலும் தையல் ஓரங்களிலும் அது சிறிது பயன் தரலாம்; மெல்லிய ஒரு பூச்சுக்கு மேல் வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் இங்கே கேடு விளைவிக்கும்: மேலே தங்கித் தூசியை ஈர்க்கும், உள்ளே புகுந்த இடத்தில் நாளடைவில் சிக்கேறும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கு இடமளிக்கும். லெதரெட்டுக்குப் பதம் என்பதே இல்லை. வினைல் வகை வெப்பத்தில் தன் இளக்கியை இழந்து விறைக்கும். பாலியூரித்தேன் வகை ஈரக்காற்றில் நீராற்பகுப்புற்று உரியும். எவ்வகையாயினும், நம் நாட்டில் இருக்கைக்குப் பெரும்பகை வெயில். நிழலில் நிறுத்துவதும் முன்கண்ணாடியை மறைப்பதும் எந்தப் புட்டியையும்விடச் சிறந்த பராமரிப்பு.

இதுவரை இருக்கையின் தூய்மை பற்றிப் பேசினோம். அத்தூய்மையின் மறுபக்கம் ஆற்றங்கரையில் இருக்கிறது. கான்பூரின் ஜாஜ்மாவ் பகுதியில் கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்யாத தோல் தொழிற்கூடங்களை மூடுமாறு 1987இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அங்கே பாதிப்புற்றது கங்கை. பாலாற்றுப் படுகை குறித்த வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை 1996இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமியத்தை மீட்டெடுப்பதற்கும் குறைப்பதற்கும் வழிகள் தேடிவருகிறது. சில வகைக் கார் தோல்கள் குரோமியமின்றியே பதனிடப்படுகின்றன. ஆயினும் 2015 சனவரி இறுதியில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். அவர்கள் இறந்தது சுத்திகரிக்கும் இடத்தில் என்பதை எளிதாகக் கடந்துவிட முடியவில்லை.

மனுவின் இரண்டு அத்தியாயங்களுக்கு இடையிலான முரண்பாடு சட்டநூலோடு முடிந்துவிடவில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்ல நேர்ந்தது. தோல் கார் காட்சியகத்தின் குளிரூட்டிய அறைக்குள் சென்றுவிட்டது, வாசனையோடு விற்கிறது. அதைத் தொட்டியில் கையாள்பவரும், கசட்டை அள்ளுபவரும், விடியுமுன் நம் தெருக்களில் காரைத் துடைப்பவரும் இன்னும் வாயிலுக்கு வெளியேதான் நிற்கின்றனர். தமிழ்நாட்டில் 'கிளீனர்' என்றால் லாரியில் ஓட்டுநரோடு செல்லும் உதவியாளர்; அது ஒரு மனிதரின் பெயர். கார் கடையில் அது ஒரு புட்டியின் பெயர். புட்டிக்கு உள்ள அலமாரி இடமும் விலைச்சீட்டும் அந்த மனிதருக்கு வாய்த்ததில்லை.

பதன் என்னும் சொல்லைக் காத்தவர்கள் அகராதியாளர்கள் அல்லர். தோலை விரலால் அழுத்திப் பார்த்து, வந்துவிட்டது என்றோ இன்னும் வரவில்லை என்றோ சொன்னவர்கள். அச்சொற்களுள் பல இன்னும் தொகுக்கப்படவில்லை. தோல் ஊறும் நிலைகள், பட்டைச் சாற்றின் செறிவு, எண்ணெய் ஏறிய மென்மை ஆகியவற்றைக் குறிக்கும் வட்டாரச் சொற்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாவில் இருக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஈரோடு, திண்டுக்கல் பகுதி நண்பர்களிடம் சிறப்பாகக் கேட்கிறேன்: அவற்றைச் சொன்னவரின் ஊரோடும் வேலையோடும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். சொன்னவர் விரும்பினால் மட்டும் பெயரையும் சேருங்கள்.